கணவாய் தாண்டும் பால்மம்

காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. அப்போதுதான் ஆய்வகத்துக்குள் நுழைந்திருந்தேன், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. புருல்சாவின் மகன் போனில் ஒரே வரிதான் சொன்னான்: இரவு தூக்கத்திலேயே அம்மாவுக்கு இதயம் நின்றுவிட்டது. தூக்கத்தில் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அவர் உட்கார்ந்தே நான் அதிகம் பார்த்ததில்லை.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில், இந்த மருந்து ஆய்வகத்தில், எங்கள் எல்லோருக்கும் புருல்சா எஜே, அதாவது அக்கா. அவருடைய நாத்தனார் அசில்கான், நாரின் மலைமேய்ச்சலில் விடியற்குளிரில் குதிரைப்பால் கறப்பவர். விரல் மூட்டுகள் வீங்கி, மடக்க முடியாமல் போயிருந்தன. அதற்காகத்தான் எஜே அதிமதுரச் சாற்றையும் ஆற்றோர முட்செடியின் பழ எண்ணெயையும் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக நீரில் உடைத்து நானோ பால்மம் செய்தார். துளி அத்தனை சிறிதானால்தான் மருந்து தோலுக்குள் இறங்கும். சூடோ உறைபனியோ பட்டால் துளிகள் மறுபடி கூடி, எண்ணெய் மேலே வளையம் கட்டிவிடும்.

ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி உறையில் எழுதிவிடலாம் என்றார் எங்கள் தலைவர்.

“கூடாரத்துல ஏதுங்க ஃபிரிட்ஜ்?” என்றார் எஜே. “அவ அடுப்புப் பக்கத்துல வைப்பா. விடியறப்ப உறைஞ்சு கிடக்கும். அதைத் தாங்கலேன்னா இது மருந்தே இல்ல.”

சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் சோதனை அலமாரியை நம்பாமல், நாரினுக்கு வேன் ஓட்டும் ஜோல்சுவிடம் குப்பிகளைக் கொடுத்தனுப்பத் தொடங்கினார். கணவாயில் உறைந்து, அடிவாரத்தில் வெந்து, குலுங்கித் திரும்ப வேண்டும்.

“முன்சீட்டுல உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போறேன் எஜே. டிக்கெட் போடட்டுமா?”

“சொகுசாப் போறதுக்கு அதென்ன உன் மாமியாரா? பின்னால டயரோட போட்றா தம்பி.”

ஒவ்வொரு முறையும் வேன் நிற்குமிடத்துக்கு அவரே ஓடுவார். குப்பியை வெளிச்சத்தில் பிடிப்பார். வளையம் இருக்கும். திரும்பி நடக்கும்போதே அடுத்த கலவையின் அளவுகளைச் சொல்வார். நான் உள்ளங்கையில் குறித்துக்கொள்வேன். அசில்கான் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாகும்வரை ஒரு சொட்டுகூடத் தரமாட்டேன் என்றுவிட்டார் எஜே.

போன மாதம் ஒன்று தெளிவாக வந்தது. நாங்கள் கைதட்டினோம். அந்த முறை கணவாயில் பனி குறைவு என்று சொல்லி அதையே மறுபடி வேனில் ஏற்றினார்.

செய்தி வந்த நாளின் மதியம் ஜோல்சு அந்தக் குப்பியோடு ஆய்வகத்துக்கு வந்தான். “நாரின்ல அடக்கம், ஆளுங்கள ஏத்திட்டுப் போறேன், நீங்களும் வாங்க” என்றான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளையம் இல்லை. ஆனால் துளிகள் பெருத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கருவிதான் சொல்லவேண்டும்.

நாரினில், ஒப்பாரிக் கூடாரத்தில், அசில்கான் அந்த விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. குப்பி என் கோட்டுப் பையில் இருந்தது. கருவியில் பார்க்காததை எஜே தந்திருக்கமாட்டார்; நானும் கொடுக்கவில்லை.

திரும்பி வந்துவிட்டேன். குப்பி கருவிக்குப் பக்கத்தில் இருக்கிறது; துளி அளவை நான் இன்னும் பார்க்கவில்லை.