வெடிச் சத்தத்தை எண்ணியவர்

பத்து நாளைக்கு முன்னால், சித்தூரில் நான் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது திருப்பதியிலிருந்து போன் வந்தது. "சித்தப்பா, நைனா பூட்டாரு. தூங்கிக்கினே இருந்தாரு, அப்படியே பூட்டாரு" என்றாள் கோவிந்தசாமி அண்ணனின் மகள். மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் அழுதேன். என் வயதில் துக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

மைன்ஸ்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்திபுரத்துக்கு அப்பால், மூன்று வரிசை லைன் வீடுகளும் ஒரு டீக்கடையும் ஒரு தங்கச் சுரங்கமுமாக ஒரு பொடி ஊர் இருந்தது. அதற்கு ஏதோ பெயர் உண்டு. எங்களுக்கு அது 'மைன்ஸ்'தான். இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. அண்ணன் வெடிக்காரர். பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, திரிகளைப் பற்றவைத்துவிட்டு, ஒதுங்கி நின்று சத்தத்தை எண்ணுவார். பன்னிரண்டு துளை என்றால் பன்னிரண்டு சத்தம் கேட்டாக வேண்டும். ஒன்று குறைந்தால், அடுத்த ஷிப்டில் எவனோ வெடிக்காத மருந்தின் மேல் கடப்பாரையைப் போடுவான். "பத்த வெக்கறதுக்கு யாரு வேணா வருவான்டா. எண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார்.

ஷிப்ட் முடியும் நேரத்தில்தான் வெடிப்பார்கள். மேலே வீடுகளில் பாத்திரங்கள் லேசாக நடுங்கும். எங்கள் பெண்கள் கடிகாரம் பார்த்ததில்லை. பாத்திரம் நடுங்கினால் உலை வைப்பார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு ஊரே தூக்கத்தில் நடப்பது போல ஆகிவிட்டது. ஒரு வீட்டில் மூன்று மணிக்கே சோறு, அடுத்த வீட்டில் விளக்கு வைத்த பிறகும் அடுப்பு பற்றவில்லை. நாங்கள் சிலர் வேலை நேரத்துக்கு எழுந்து, குளித்து, தொப்பியைத் துடைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லை முடிவாகாமல் இருந்த காலம் அது. மதராசோடு சேர்ந்தால் மைன்ஸ் திறக்கும் என்று தமிழில் ஒரு கூட்டம், ஆந்திராவிலேயே இருந்தால் திறக்கும் என்று தெலுங்கில் ஒரு கூட்டம். கீழே தங்கம் மிச்சம் இருக்கிறதா என்று இரண்டு கூட்டமும் கேட்கவில்லை. பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வேலைக்குப் போய்விடலாம் என்று என் மனைவி மூட்டை கட்டி வைத்திருந்தாள். "ஒரு மாசம் பொறு, தொறந்துடுவாங்க" என்று மாதாமாதம் நான்தான் நிறுத்தி வைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம், சரியாக அந்தப் பழைய நேரத்தில், பாத்திரங்கள் நடுங்கின.

என் மனைவி பழக்கத்தில் உலை வைத்தாள். பிறகுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிடத்தை இன்றும் கனவில் காண்கிறேன். அவள் முகம் முழுக்க வெளிச்சம். மைன்ஸ் திறந்துவிட்டது! லைன் வீடுகளிலிருந்து எல்லோரும் சுரங்க வாயை நோக்கி ஓடினோம். சிலர் கையில் சாப்பாட்டு டப்பாகூட இருந்தது. யார் இறங்கினார்கள், யார் வெடித்தார்கள் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

பாதையில் அண்ணன் எதிரே நின்றார். இரண்டு கையையும் விரித்து, "ஒத்து! ஒத்து! வேணாம், போவாதீங்க! அது வெடி இல்ல, உள்ள சரியுது!" என்று தெலுங்கிலும் தமிழிலும் கத்தினார். நான் நிற்கவில்லை. நெஞ்சில் கை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார், மல்லாந்து விழுந்தேன். எழுந்திருப்பதற்குள் சுரங்க வாயைச் சுற்றியிருந்த தரை, மெதுவாக, சத்தமே இல்லாமல், இரண்டு பனை ஆழத்துக்கு இறங்கியது.

உயிரைக் காப்பாற்றியவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நாங்கள் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டோம். கம்பெனி மூடியபோதுகூட எங்களுக்கு நம்பிக்கை போகவில்லை. அதைப் பறித்தவர் அவர் என்று தோன்றிவிட்டது. எவ்வளவு பெரிய அநியாயம்! எல்லை முடிவானபோது மைன்ஸ் ஆந்திராவிலேயே நின்றது. அதைக் கொண்டாடவோ திட்டவோ அங்கே ஆள் இல்லை. நாங்கள் பங்காருபாளையம் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் அவரும் நானும் மறுபடி பேசிக்கொண்டோம், அந்த நாளைத் தொடாமல்.

போன வருஷம் திருப்பதி போயிருந்தபோது துணிந்து கேட்டேன். "அன்னிக்கு உனக்கு மட்டும் எப்படிண்ணா ஆசையே வரல?"

சிரித்தார். "யார்ரா சொன்னது? நடுங்கினதும் தொப்பியப் போட்டுக்கினு மொதல்ல ஓடினவனே நான்தான். பாதி வழியிலதான், ஒரே நடுக்கமா இருக்குதே, எண்றதுக்குத் தனித்தனிச் சத்தமே இல்லியேன்னு புத்தி வந்துச்சு. திரும்பிப் பாத்தா நீங்கள்லாம் சிரிச்சிக்கினு வர்றீங்க."

அவர் எங்களுக்கு எதிரே எப்படி வந்து நின்றார் என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததே இல்லை. கல்நெஞ்சுக்காரர் என்றே நினைத்திருந்தேன். மைன்ஸ்காரர்களே, அவர் என்னைக் கீழே தள்ளியதை மறந்துவிட்டேன். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் ஓடிய அந்தப் பாதி வழியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.