கேத்தல் சின்னத்தில் என் மனைவி

தள்ளிப் போய்க்கொண்டே இருந்த மாநகர சபைத் தேர்தலுக்கு ஒருவழியாக வேட்புமனு கோரினார்கள். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. நான் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் நேர்சரி நடத்துகிறாள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் இருந்து அழுது, அதே பாயில் நித்திரையாகிப் போகும் இடம். முன்பு படித்தவர்களின் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். வட்டாரத்தில் அவளுக்குப் பெயரே 'டீச்சர்'தான்.

அவளிடம் படித்த ஒருவர் இப்போது பார்மசி வைத்திருக்கிறார். ஒரு பின்னேரம் அவர் வந்தார். கட்சிகளே வேண்டாமென்று சிலர் சேர்ந்து சுயேச்சைக் குழு ஒன்று போடுகிறார்களாம். வேட்பாளர்களில் குறிப்பிட்ட அளவு பெண்கள் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம், ஆள் குறைகிறது. டீச்சர் பெயரைத் தந்தால் போதும், வீடு வீடாக அலையத் தேவையில்லை, நேரடியாகப் போட்டியிடாதவர்களுக்கான மேலதிகப் பட்டியலில் பெயர் சும்மா கிடக்கும் என்றார்.

மனைவி பிளேன்டிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

"பேர் சும்மா கிடக்கிறதுக்கு நான் வரமாட்டன். போடுறதெண்டா வட்டாரத்துக்குப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் வட்டாரம் பல காலமாகப் பெரிய கட்சிக்காரர் ஒருவரின் கையில் இருந்தது. செத்த வீடு, கலியாண வீடு எதையும் தவற விடாதவர். அவரோடு நேரடியாக மோதுவதா? தோற்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நேர்சரி இருக்கிறதுதானே என்றாள். எனக்கு அந்த நிமிடத்திலேயே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிட்டது. பயத்தில் அல்ல. துறைமுகத்தில் வேலை கிடைத்த செய்தி வந்த நாளுக்குப் பிறகு அப்படி ஒரு படபடப்பை நான் அறிந்ததில்லை.

குழுவுக்குக் கேத்தல் சின்னம் கிடைத்தது. எங்கள் தேர்தலில் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இராது, சின்னம் மட்டும்தான். டீச்சரைத் தெரிந்திருந்தால் போதாது, கேத்தலையும் தெரிந்திருக்க வேண்டும். பார்மசிக்காரர் உற்சாகமாக, ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பிலும் கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம் என்றார். குழுவில் இருந்த சட்டத்தரணிப் பெண் பதறிப்போய், வாக்காளருக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்தாலும் குற்றம் என்று தடுத்தாள். ஆகவே கேத்தல் படம் போட்ட துண்டுப்பிரசுரங்களோடு மட்டும் படியேறினோம்.

தொடர்மாடிகளில் லிப்ட் இல்லை. பிரசுரக் கட்டைச் சுமந்தது நான். மூன்றாம் மாடிக்கு மேல் என் முழங்கால் எப்போதும் மக்கர் பண்ணும். அந்த நாட்களில் அதற்கும் தேர்தல் காய்ச்சல் பிடித்திருக்க வேண்டும், வலித்ததாக ஞாபகமே இல்லை. கதவு திறந்தால் மனைவி முதலில் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரிப்பாள். சிங்கள வீட்டில் சிங்களம், தமிழ் வீட்டில் தமிழ். ஒரு சிங்களத் தாய் ஜன்னலைத் திறந்து கீழே காட்டினாள். பிள்ளைகள் விளையாட வேண்டிய நிலத்தில் லொறிகள் வரிசையாக நின்றன. பந்து லொறிக்கு அடியில் போனால் பிள்ளையும் பின்னால் ஊர்ந்து போகிறது, அதுதான் எனக்குப் பயம் என்றாள். மனைவி வெகுநேரம் அந்த ஜன்னலை விட்டு வரவில்லை.

அந்த மாடிப்படியில்தான் பெரிய கட்சிக்காரர் எதிரே வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, சிரித்தபடி கேட்டார்: "டீச்சர், உங்களுக்கு ஏன் இந்தத் தலையிடி?"

"உங்கட மகனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததைவிடப் பெரிய தலையிடியா?" என்றாள் மனைவி.

அவரோடு வந்தவர்களே வாய்விட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அடுத்த மாடிவரை சிரித்துக்கொண்டே ஏறினேன்.

தேர்தல் நாளன்று காலையிலேயே பாடசாலையில் வாக்களித்து, விரலில் மையோடு வந்தோம். நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. வட்டாரத்துப் பெட்டிகளை எல்லாம் ஒரே பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவந்து எண்ணத் தொடங்கினார்கள். எங்கள் குழுவின் முகவராக நான் உள்ளே இருந்தேன். போனை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள். வெளியே கேட்டடியில் மனைவி நின்றாள்.

பெரிய கட்சியின் கட்டு முதலில் உயர்ந்தது. பிறகு எங்கள் கட்டு. பிறகு அவர்களுடையது. தறப்பாள் விரித்த மேசையில் இரண்டு கோபுரங்கள் மாறி மாறி வளர்வதைக் கண் எடுக்காமல் பார்த்தேன். அப்போது அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். வாக்குக்கான புள்ளடிக் குறி போடவில்லை. கேத்தலுக்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் 'டீச்சருக்கு' என்று எழுதியிருந்தது. நிராகரிக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் சிங்களத்தில் அதேபோல் ஒன்று. பிறகு கேத்தலைச் சுற்றிப் பூ வரைந்து, புள்ளடியை மறந்த ஒன்று. அவ்வளவும் நிராகரிப்புக் கட்டுக்குப் போயின. அவளுக்காக அன்போடு எழுதியவர்களே அவளைத் தோற்கடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். எதிர்த்தரப்பு முகவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

எண்ணி முடித்தபோது எங்களுக்குக் கூடுதலாக இருந்தது. எவ்வளவென்றால், இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும். எதிர்த்தரப்பு மறுபடி எண்ணச் சொன்னது. அது அவர்களுடைய உரிமை. மறுபடி எண்ணினார்கள். இம்முறை நான் மேசையைப் பார்க்கவில்லை. சுவரில் யாரோ ஒரு பிள்ளை வரைந்து ஒட்டியிருந்த யானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவில் அதிகாரி எங்கள் சின்னத்தின் பெயரை வாசித்தார். அதே வித்தியாசம், ஒன்றுகூட மாறவில்லை.

வெளியே ஓடினேன். ஓய்வு பெற்றபின் நான் ஓடியது அன்றுதான். கேட்டடியில் கூட்டம் திரும்பிப் பார்த்தது. மூச்சிரைத்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். அவ்வளவுதான். முச்சக்கர வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. பார்மசிக்காரர் அழுதுவிட்டார். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

"முதல்ல மூச்சு விடுங்க," என்றாள்.

பெரிய கட்சிக்காரர் மறுநாள் வீட்டுக்கே வந்து கைகொடுத்தார். அதற்குப் பின் எங்கள் வீட்டு மணி ஓயவில்லை. தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை, நாய் கடித்தது என்று ஆட்கள் காலையிலேயே நிற்பார்கள். மனைவி நேர்சரியில் இருக்கும் நேரத்தில் நான்தான் விசாரிப்பது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அவள் சபையில் முதல்முறை பேசிய அன்று நான் மேலே பார்வையாளர் பகுதியில் இருந்தேன். எழுந்ததும் நெஞ்சு நிறைய மூச்செடுத்தாள். அது எனக்கு மட்டும் தெரியும். லொறி நிற்கும் அந்த நிலத்தைப் பற்றி முதலில் சிங்களத்தில் பேசினாள், பிறகு தமிழில். பந்துக்குப் பின்னால் ஊரும் பிள்ளையைச் சொன்னபோது, கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்குள் லொறிகளை அகற்றுவதாக மேயரிடமிருந்து பதில் வந்தது. நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். அங்கே தட்டக்கூடாதாம். காவலர் ஓடிவந்து, "மாத்தயா, வாடிவென்ன," என்று உட்காரச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினார்.

உட்கார்ந்தேன். கீழே மனைவி தலையை நிமிர்த்தி என் பக்கம் பார்த்தாள். நேர்சரியில் அடங்காத பிள்ளையைப் பார்ப்பாளே, அப்படி. மடியில் வைத்த என் கைகள் இன்னும் அடங்கவில்லை.