மூன்றாவது ஓலைக்கு முன்

எங்கள் தெருவில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் வாயைத் திறந்து திட்ட மாட்டோம். செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருந்து பைபிளைத் திறப்போம்.

கடலூரில் எங்கள் கோயில் பங்கை அன்பியங்கள் என்று சின்னச் சின்ன ஜெபக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அன்பியத்துக்கு இருபது இருபத்தைந்து வீடு. வாரம் ஒரு வீட்டில், செவ்வாய் சாயங்காலம் ஆறரைக்குக் கூடுவோம். ஒரு பாட்டு, ஒரு வாசகம், பிறகு அந்த வாசகம் நம் வாழ்க்கையோடு எப்படிப் பொருந்துகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கூட்டம் நடக்கிற வீட்டுக்காரர் முதலில் பேசுவார், பொறுப்பாளர் கடைசியில். அவரவர் தன்னைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்பது ஃபாதர் போட்ட சட்டம். அதை யார் மதித்தார்கள்? மார்த்தா மரியா கதை வந்தால் மாமியார் மருமகளைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். பணக்கார முட்டாள் கதை வந்தால் புதிதாக மாடி எடுத்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். யார் பெயரையும் சொல்ல மாட்டோம். "சில பேர் இருக்காங்க" என்று ஆரம்பித்தால் போதும், யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த ஜாடைப் பேச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் நான். பதிமூன்று வருஷமாக அன்பியப் பொறுப்பாளர். மைக் இல்லாமல் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். குடிகார மகனை வைத்துக்கொண்டு அல்லாடிய ஒருத்தி வீட்டில், அவள் எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, ஊதாரிப் பிள்ளை கதையை எடுத்து அரை மணி நேரம் விளாசினேன். பிள்ளையைக் கெடுப்பதே சில தாய்மார்தான் என்று முடித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. உண்மையைத் தாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அதற்கும் ஒரு வியாக்கியானம் சொன்னேன். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரே தங்கை. பதினான்கு வயது சின்னவள். அம்மா போனபிறகு நான்தான் தலை பின்னிவிட்டேன், படிக்க வைத்தேன், சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளையை நான் பார்த்தது கோயிலில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பூசைக்குப் போயிருந்தபோது அவன் வாசகம் வாசித்தான். என்ன குரல்! காற்புள்ளியில் நின்றான், முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டான். ஒரு சொல் சறுக்கவில்லை. இவ்வளவு அழகாக வேதம் வாசிக்கிறவன் வீட்டில் எப்படி இருப்பான் என்று யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தோன்றவே இல்லை. கத்தரிக்காய் வாங்கினால்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் நான்.

அவன் அடிக்கிறான் என்று கல்யாணமான இரண்டாவது வருஷமே தெரியும். தங்கை சொல்லவில்லை, முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தாள். மே மாதத்தில், சிதம்பரத்து வெயிலில், முழுக்கை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பூசையில் ஃபாதர் அறிவிப்பார். மூன்று ஓலையும் ஒழுங்காக வாசித்து முடியும்வரை பெண்ணைப் பெற்றவளுக்கு வயிற்றில் நெருப்புதான். நல்ல இடம் வேறு. மாப்பிள்ளையின் அத்தை எங்கள் அன்பியத்திலேயே இருந்தாள். எங்கள் வீட்டின் மேல் ஒரு கண் வைத்து எங்களை அளந்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது ஓலை வாசித்து இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், தங்கை சிதம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கி என் வாசலில் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. வயிற்றில் மூன்று மாதம். ஆறு வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை.

"அக்கா, இப்ப வயித்துல அடிக்க வர்றாரு. பிள்ள பொறக்குற வரைக்கும் இங்க இருந்துக்கறேன்" என்றாள்.

அவளைப் பார்த்தவுடன் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. இன்றைக்குக் கூட்டம் நம் வீட்டில் ஆச்சே, அந்த அத்தைக்காரி வருவாளே என்றுதான் தோன்றியது. தங்கை புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று தெரிந்தால், இந்தக் குடும்பத்துப் பெண்கள் இப்படித்தான் என்று ஒரு சொல் போதும், மூன்றாவது ஓலை நின்றுவிடும். சோறு போட்டேன். பின்னறையில் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கூட்டம் முடியும்வரை வெளியே வராதே என்று சொன்னேன். சரியென்று தலையாட்டினாள்.

அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதி வேறு. நான் மாற்றினேன். பொறுப்பாளர் மாற்றினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆகார் கதையை எடுத்தேன். ஆபிரகாம் வீட்டு வேலைக்காரி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எஜமானி படுத்திய பாடு தாங்காமல் பாலைவனத்துக்கு ஓடிவிடுகிறாள். வழியில் ஒரு நீரூற்றுக்குப் பக்கத்தில் வானதூதர் அவளைப் பார்த்து, திரும்பிப் போய் எஜமானிக்கு அடங்கி நட என்று சொல்லி அனுப்புகிறார். அவ்வளவு வரைக்கும் வாசித்து பைபிளை மூடினேன்.

பிறகு பேசினேன். பின்னறைக் கதவைப் பார்த்துத்தான் பேசினேன். சில பெண்கள் இருக்கிறார்கள், ஒரு சின்ன கஷ்டம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் என்றேன். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்க வேண்டிய இடம் எது, வானதூதரே சொல்லிவிட்டார், அவரைவிட நமக்கு அதிகம் தெரியுமா என்றேன். குரலைக் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றாள். போகும்போது என் கையைப் பிடித்து, எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு நல்ல வளர்ப்புல வருது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போனபின் கதவைத் திறந்தேன். தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது.

"இது நீ சொல்றியாக்கா, இல்ல சாமி சொல்லுதா?"

"சாமி சொல்றதத்தான் நான் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலை நானே ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் உட்கார வைத்தேன். புடவைத் தலைப்பைக் கன்னத்தை மறைக்கிற மாதிரி இழுத்துவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டினால் காற்று நன்றாக வரும், தூங்கிக்கொண்டே போ என்றேன். பஸ் கிளம்பியதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. வரும் வழியில் மகளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை யாரும் சொல்லவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கைப்பைக்குள் போன் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது பதினோரு அழைப்பு. சிதம்பரத்தில் தங்கைக்கு அடுத்த வீட்டுக்காரம்மா. திருப்பிக் கூப்பிட்டதும், சீக்கிரம் வாங்க டீச்சர், ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம் என்றாள்.

சீக்கிரம் போனேனா? இல்லை. சம்பந்தி வீட்டார் டிபனுக்கு வருவதாக இருந்தது. இட்லி, வடை, கேசரி எல்லாம் பரிமாறி, அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் போனேன்.

நான் போய்ச் சேரும்போது பிள்ளை போய்விட்டிருந்தது. இடது பக்கம் விழுந்த அறையில் காதுச் சவ்வு கிழிந்து உள்ளேயும் சேதம், அந்தக் காது இனி கேட்காது என்று டாக்டரம்மா சொன்னாள். அவன் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், கையில் ஜெபமாலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் அக்கா என்றான். அதே குரல். காற்புள்ளியில் நிறுத்திச் சொன்னான்.

நான் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே கடலூருக்குக் கொண்டுவந்தேன். அடுத்த ஞாயிறு பூசையில் வாசிக்கிற மன்றாட்டுச் சீட்டில் என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன்: குளியலறையில் வழுக்கி விழுந்து குழந்தையை இழந்த சகோதரிக்காக. கோயில் நிறைய ஜனம் அந்தப் பொய்யை வைத்து ஆண்டவரை மன்றாடியது. பிள்ளை போன நாற்பதாம் நாள் என் மகள் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

தங்கை அவனிடம் திரும்பிப் போகவில்லை. என்னிடமும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அடுத்த வீட்டுக்காரம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு வருஷம் சிதம்பரத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் சமையல் பார்த்தாள். பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்து கடலூருக்கு வந்தாள். வாடகைக்கு அவளுக்கு அமைந்த வீடு எங்கள் பக்கத்துத் தெருவில். அந்தத் தெரு எங்கள் அன்பியத்தில் சேர்ந்தது. வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஒரு செவ்வாயும் தவறாமல் வந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் நான் இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள். நான் பேசும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. கேட்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் இரண்டு வருஷம் பேசினேன்.

போன மாதம் அவள் வீட்டில் முதல்முறையாகக் கூட்டம். எட்டுக்கு எட்டு அறை, இடம் போதாதென்று அதுவரை அவள் முறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பாய் விரித்திருந்தாள். பங்கிலிருந்து வந்த அட்டவணையில் அன்றைய வாசகத்தைப் பார்த்தேன். ஆகாருடைய அடுத்த கதை. பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு அவளையும் பையனையும் வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று அவனைப் புதரடியில் விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். கடவுள் அவள் கண்ணுக்கு ஒரு கிணற்றைக் காட்டுகிறார். அட்டவணையை மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மாப்பிள்ளையின் அத்தை அதற்குள் பக்கத்தைப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்ததும் வீட்டுக்காரி என்ற முறையில் தங்கை முதலில் பேச வேண்டும். இந்த இரண்டு வருஷமாகத் தன் முறை வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டிவிடுவாள். அன்றைக்கு மடியில் இருந்த பைபிளைத் தடவிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"மொத வாட்டி அவ ஓடி வந்தப்ப திரும்பிப் போன்னாங்க. ரெண்டாவது வாட்டி யாரும் திரும்பிப் போன்னு சொல்லல, தண்ணியக் காட்டுனாங்க. புள்ள பொழச்சுது. எனக்கு மொத வாட்டி மட்டுந்தான் வாசிச்சாங்க. நானும் அதோட கத முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிட்டேன்."

அவ்வளவுதான். சில பேர் இருக்காங்க என்று அவள் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. ஃபாதர் போட்ட சட்டத்தை எங்கள் அன்பியத்தில் ஒழுங்காகப் பின்பற்றிய முதல் ஆள் அவள்தான். அங்கிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், பிள்ளை போன துக்கத்தில் பேசுகிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள். அடுத்தடுத்து ஒவ்வொருவரும் வழக்கம்போல் பேசி, கடைசியில் முறை என்னிடம் வந்தது.

பேசிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். என் மகள் மாசமாக இருக்கிறாள், அவள் புருஷனின் அத்தை எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் சொன்னேன்.

"அவ வழுக்கி விழல. நாந்தான் அனுப்பி வச்சேன்."

சொன்னது எனக்கே கேட்கவில்லை. தங்கை என் பக்கம் இடது காதை வைத்துக்கொண்டு, பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை முன்னால் குனிந்தாள்.

"சத்தமா சொல்லுங்க டீச்சர். அவுங்களுக்கு அந்தக் காது கேக்காதுல்ல."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு.

"ஒண்ணுமில்ல, ஜெபம் சொல்லலாம்" என்றேன். அது மட்டும் கணீரென்று வந்தது.

எழுந்து நின்று ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினேன். தங்கையும் கூடச் சொன்னாள். பிறர் செய்த குற்றத்தை மன்னிக்கிற வரி வந்தபோது அவள் குரல் நின்றது. டீ கொதிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நான் அந்த வரியை ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தேன். அவள் டம்ளர்களைக் கொண்டுவந்து வரிசையாகக் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். அடுப்பு பற்றவைத்த சத்தம் நாங்கள் ஆமென் சொன்ன பிறகுதான் கேட்டிருந்தது.