ஆதிமூலம் அறிவிக்காத செய்தி

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எவர் இறந்தாலும் அரை மணிக்குள் அதை உலகுக்கு அறிவிக்கும் பொறுப்பு ஆதிமூலத்துடையது. ஆட்டோ கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கையில் மைக். காணாமல் போன ஆடும் அவர் வாயால் சொன்னால்தான் காணாமல் போனதாக அர்த்தம். மூன்று ஆண்டுகளுக்கு முன் சொந்த மனைவியின் மறைவையே குரல் பிசகாமல் அறிவித்தவர்.

போன வாரம் ஸ்பீக்கரை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. புற்றுநோயில் போன மரியதாஸின் முப்பதாம் நாள் பூசைச் செய்தியை எழுதிக்கொள்ளப் போன இடத்தில், அவர் மனைவி ஜோஸ்பின் ஓர் அட்டையை நீட்டினார்.

“அவரு வலிக்குத் தந்த மார்ஃபின் மாத்திரைண்ணே. வீணாத்தான் கெடக்குது.”

செத்தவர் வேட்டியை உடுத்தக் கூசும் ஊர், செத்தவர் மாத்திரையை விழுங்கக் கூசுவதில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்கானது. ஐந்தாம் நாள் காலையிலிருந்து சிறுநீர் ஒரு சொட்டு இல்லை.

மகன் துபாயில். வீட்டில் இருப்பது மருமகள் ஜெயசித்ரா மட்டும். சுகாதார நிலையத்தில் நர்ஸ். சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் ஏது? சிக்கலே அங்கேதான். மாமனார் மருமகளிடம் சொல்லக்கூடாத சொற்களில் முதலாவது அதுதான்.

“இன்னா மாமா, மூஞ்சி வீங்கினாப்புல இருக்குது? யூரின் போவுதா?”

“அதெல்லாம் ஜோரா போவுதும்மா.”

ஜோராகப் போகவைக்க மூன்று இளநீர், ஒரு சொம்பு பார்லிக் கஞ்சி, முள்ளங்கிச் சாறு. எல்லாம் உள்ளே போயின. எதுவும் வெளியே வரவில்லை. மறுநாள் மதியம் அடிவயிறு தவிலாக இறுகியது. பேசும்போதே கண் சொருகியது. ஜெயசித்ரா அவர் இமையை விலக்கினாள். கண்மணி கடுகளவு. மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு ஒன்பதுதான்.

“இன்னா சாப்ட்டீங்க? சொல்லுங்க மாமா!”

ஆதிமூலம் சுவரைப் பிடித்தபடி வாசலுக்குப் போனார். ஆட்டோவில் ஏறி மைக்கைப் போட்டார்.

“பேரன்பு மிக்க பெரியோர்களே! மேலத்தெரு ஆதிமூலம் ஆகிய அடியேனுக்கு நேற்றுக் காலை முதல் சிறுநீர் வரவில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்...”

தலை ஹேண்டில்பாரில் சாய்ந்தது. கடைசி மூன்று சொற்களை மட்டும் கேட்ட பாதித் தெரு மாலை வாங்கக் கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டதும் ஒன்றரை லிட்டர் இறங்கியது. மருந்தை முறிக்கும் ஊசி போட்டதும் கண் திறந்தார்.

“வலி மருந்துன்னு தெரியுது,” என்றார் டாக்டர். “மூத்திரப்பையை மரத்துப்போக வெச்சிருக்கு. உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனையும் ஏத்திவிட்டிருக்கு, குடிச்சதெல்லாம் தேங்கி ரத்தத்துல உப்பு எறங்கிப்போச்சு. கிட்னி திணறுது. அது மருந்தை வெளிய தள்ளாட்டி மறுபடி மூச்சு அடங்கும். எந்த மாத்திரை, எத்தனை?”

ஆதிமூலம் மருமகளைப் பார்த்தார். ‘பிறர் மருந்தைத் தொடாதீர்’ என்று அவளுடைய சுகாதார நிலையத்துக்காக ஊரெல்லாம் முழங்கியவரும் அவரே. கண் மீண்டும் சொருகத் தொடங்கியது.

ஜெயசித்ரா கைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து மைக் போல அவர் வாயருகே நீட்டினாள்.

“அறிவிப்பு குடுங்க மாமா.”

அவர் தொண்டையைச் செருமினார். “மறைந்த மரியதாஸ் அவர்களின் மார்ஃபின் மாத்திரை... நாளொன்றுக்கு நான்கு வீதம்...”

டாக்டர் அடுத்த ஊசியை ஏற்றினார். பக்கத்துக் கட்டில்காரர், மரியாதைக்காக எழுந்து உட்கார்ந்தார்.