எங்கள் மகளைத் தெரியாது என்ற ஒழுங்கை

என் மகள் பொலிஸில் சேர விண்ணப்பம் போட்ட செய்தி தெரிந்ததும் நான் மூன்று நாள் அவளுடன் கதைக்கவில்லை. நாலாம் நாள் கதைத்தேன், அதுவும் ஏசுவதற்குத்தான். அரியாலையில் பிறந்து படித்த பிள்ளைக்கு ரீச்சர் வேலை இருக்கிறது, வங்கி வேலை இருக்கிறது, காக்கி எதற்கு என்று கேட்டேன். அவள் போன வருடம் நடந்ததைச் சொன்னாள். என் அடையாள அட்டை தொலைந்து முறைப்பாடு கொடுக்கப் போன பொலிஸ் நிலையத்தில், எழுதியவருக்குத் தமிழ் வரவில்லை. அவர் சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே நான் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். "நீங்கள் வாசிக்காமலே கையெழுத்து வைச்சனீங்கள் அம்மா. எனக்கு அது பொறுக்கேல்லை" என்றாள். அதோடு நான் ஏசுவதை விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்தே பொலிஸ் பல விதம். சின்ன வயதில், சைக்கிளில் வந்து கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள். பிறகு சண்டை தொடங்க, மணல் மூட்டைக்குப் பின்னால் தொப்பி மட்டும் தெரிந்தவர்கள். பிறகு அவர்களே இல்லாத வருடங்கள். அதன் பிறகு, வீடு வீடாகப் பெயர் கேட்டு வந்தவர்கள். இதற்கெல்லாம் ஈடுகொடுத்து எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதுமே, ஒரு பழக்கத்தைப் பழகி வைத்திருந்தது. யார் எந்தப் பிள்ளையைக் கேட்டு வந்தாலும் தெரியாது என்று சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னதால் பிழைத்த பிள்ளைகள் உண்டு.

மகள் பரீட்சையிலும் நேர்முகத்திலும் தேறினாள். அடுத்தது, பொலிஸ் அயலில் வந்து அவளைப் பற்றி விசாரிப்பார்கள். விண்ணப்பம் போட்டதை நாங்கள் அயலில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் வந்த நாளில் நான் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மகளும் வீட்டில் இல்லை.

பின்னேரம் நான் வந்து இறங்கியதும் எதிர்வீட்டு அக்கா எங்கள் படலை வாசலுக்கே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"தங்கச்சி, சிவில் உடுப்பிலை ரண்டு பொலிஸ் வந்து பிள்ளையைக் கேட்டவங்கள். நான் விட்டுக்குடுக்கேல்லை. அப்பிடி ஒரு பிள்ளை இஞ்சை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

பக்கத்து வீட்டு மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போய்க் கனகாலம் என்று சொல்லியிருந்தார். மூலைக்கடை அண்ணைக்கு எங்கள் வீடு எதுவென்றே மறந்து போயிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் இத்தனை பேர் சேர்ந்து என் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறார்களே, யாரை ஏசுவது? மாஸ்டரை மட்டும் கொஞ்சம் ஏசினேன். கனடாவுக்கு அனுப்பியது கூடிப்போய்விட்டது. மகள் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பொய் விலாசம் கொடுத்ததாக எழுதினால் அவளுடைய வேலை அதோடு சரி. பொய் சொன்னவர்களே நேரில் போய் வாக்குமூலம் கொடுத்தால்தான் ஏதாவது நடக்கும் என்றார் எங்கள் கிராம அலுவலர் விதானையார்.

அதை அவர்களிடம் எப்படிக் கேட்பது? யாரும் இழுத்துப் போகாமல் பொலிஸ் வாசலை மிதித்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் குறைவு. என்றாலும் சொன்னேன். அக்கா உள்ளே போய்விட்டார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை அக்கா கோயிலுக்கு உடுக்கும் சேலையில் படலையடியில் நின்றார். மாஸ்டர் குடையோடு வந்தார். அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நாலு பேரும் ஒரே ஓட்டோவில் இடிபட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

அன்று தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் இருந்தது எங்கள் நல்ல காலம். ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவர் கேட்க, மாஸ்டர் குடையைப் பார்த்தார். அக்காதான் பதில் சொன்னார்.

"என்னத்துக்குத் தேடுறியள் எண்டு நீங்கள் சொல்லேல்லையே, தம்பி."

பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூவர் சொன்னதையும் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். மகளைப் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வரப் பிறகு இரண்டு மாதம் எடுத்தது. ஆனால் அக்காவைப் பொறுத்தவரை அது அன்றைக்கே வந்துவிட்டது. ஏனென்றால் நாங்கள் எல்லோரும் எழும்பிய பிறகும் அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தம்பி, போன மாரியிலை என்ரை தண்ணிப் பம்பைக் களவெடுத்துப் போட்டாங்கள். அதையும் எழுதுங்கோ."

இவ்வளவு நாளும் ஏன் வந்து சொல்லவில்லை என்று அவர் கேட்டார்.

"அப்ப இஞ்சை எங்கடை பிள்ளை இல்லையே" என்றார் அக்கா.