சிவப்பு வண்டிக்கு ஒரு விலை

வண்டியை விற்றுவிடு என்று என் கணவர் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் போன் பேசும்போது. தொண்ணூறுகளின் கடைசி அது. அவர் வளைகுடாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்று பூத்துக்குப் போன் வரும். நான் முன்னதாகவே போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

"நல்ல விலை வந்தா குடுத்துடு. நிக்க நிக்க மதிப்பு கம்மியாயிடும்."

"நீங்க வரும்போது ஓட்டறதுக்கு வேணாமா?"

"வந்தா பாத்துக்கலாம்."

அதுவரை அவரும் 'வரும்போது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'வந்தா' என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். பூத்துக்காரர் ரிசீவருக்காகக் கை நீட்டியதைக்கூடக் கவனிக்காமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அவர் வாங்கிய வண்டி அது. கம்பெனி தன்னுடைய ஆண்டு விழாவுக்காகக் கொஞ்சம் வண்டிகளை மட்டும் ரேஸ் வண்டி ஜாடையில் செய்து விற்றதாம். சிவப்பு டேங்க், அதில் பொன்னிறக் கோடு, தாழ்ந்த ஹேண்டில்பார், அதன் நடுவில் இது இத்தனையாவது வண்டி என்று எண் பொறித்த ஒரு சின்னத் தகடு. திருவண்ணாமலையில் அந்த மாதிரி இன்னொன்று கிடையாது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கமிருந்த விடுதிகளில் ஃபிரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார் அவர். அந்த வண்டியில் போய் இறங்கினால் டீ குடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்கள் எழுந்து வந்து பார்ப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு அழகாக இருக்கும்.

நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், மணிலாக்கொட்டை பயிர் வைக்கும் வீட்டிலிருந்து வந்தவள். பி.காம். படித்துவிட்டு டவுனில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கிரிவலப் பாதையை ஒட்டி இரண்டு அறை வாடகை வீடு. தெருவில் நிறுத்தினால் கீறிவிடுவார்கள் என்று முன்னறையைக் காலி செய்து வண்டியை உள்ளே ஏற்றி வைத்துவிட்டுத்தான் அவர் விமானம் ஏறினார். நாற்காலி போட இடமில்லை. யாராவது வந்தால் வண்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளறைக்குத்தான் வர வேண்டும். வருவதற்கும் அதிகம் பேர் இல்லை. வீடு முழுக்க பெட்ரோல் வாசனை. லாட்ஜில் என் சேலையில்கூட அது அடிப்பதாகச் சொன்னார்கள்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்குத் தள்ளி வந்து, சோக்கை இழுத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைப்பேன். முதல் மாதம் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. பிறகு பழகியது. புகையைப் பார்த்து மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா, "ஏம்மா, துணி காயப் போட்டிருக்கேன்!" என்று கத்துவார். வாரத்தில் என் வீட்டு வாசலில் கேட்கும் மனிதக் குரல் பெரும்பாலும் அதுதான். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை போனில், "வண்டிய பூத்து வரைக்கும் தள்ளினு வா, சத்தம் கேக்கணும்" என்றார். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். தள்ளிக்கொண்டு போனேன். பூத்துக்காரர் ரிசீவரை ஒயர் எட்டுமட்டும் இழுத்து வாசல் பக்கம் நீட்டிப் பிடித்தார். நான் உதைத்தேன். பிடித்துக்கொண்டதும் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகினேன். தெரு முழுக்க அந்தச் சத்தம். ரிசீவரை வாங்கியபோது, "அப்படியே கீது. நல்லா வெச்சிருக்க" என்றார். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

விற்கச் சொன்ன பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்த வண்டி புரோக்கரைப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயசுக்காரர், வெற்றிலைச் சிவப்பு வாய். வீட்டுக்கு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மாடு மாதிரி உள்ள கட்டி வெச்சிருக்கியேம்மா!" என்று சிரித்தார்.

"இது லிமிடெட்டுங்க. கொஞ்சம்தான் செஞ்சாங்களாம்."

"அதாம்மா பிரச்சினையே. லிமிடெட்னா இன்னா அர்த்தம்? பார்ட்ஸ் கிடைக்காதுனு அர்த்தம். இந்த சைடு கவர் ஒடைஞ்சா எங்க போவேன்? அந்த முன்னாடி கண்ணாடி ஒடைஞ்சா? எவன் வாங்குவான்? பால்காரன் வாங்குவானா? கேன் மாட்ட இடம் இல்ல. குடும்பஸ்தன் வாங்குவானா? பொண்டாட்டி உக்கார மாட்டா." டயரை நகத்தால் கீறி வெடிப்பைக் காட்டினார். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். "நின்ன வண்டிக்கும் ஓடுன வண்டிக்கும் விலை ஒண்ணுதான். ஓடுனது தேஞ்சிருக்கும், நின்னது துருப்பிடிச்சிருக்கும்."

அவர் சொன்ன தொகை என் கணவர் நினைத்ததில் பாதிகூட இல்லை. ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. டவுனில் அதுதான் விலை. அவர் அனுப்பிய இரண்டு மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் டேங்க்குக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டார். நான் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் எனக்குக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. வண்டி என்னுடையதுகூட இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு ஜனம் மலை சுற்றிக்கொண்டிருந்தது. என் வாசல் வழியாக விடாத காலடிச் சத்தம். கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர்க் குடம் வைத்திருந்தேன். சாயங்காலம் ஒருவர் தண்ணீர் குடிக்க நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பெங்களூரில் பாங்க் ஆபீசர், பௌர்ணமிக்கு வருகிறவர். பழைய வண்டிகள் சேர்ப்பாராம்.

"இது... அந்த வண்டிதானே? பாக்கலாங்களா?"

செருப்பில்லாத கால்களோடு உள்ளே வந்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் பார்த்த விதமே வேறு. ஹேண்டில் தகட்டு எண்ணைப் படித்தார். இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். இன்ஜின் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். "தொறக்கவே இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் தடவினார். டேங்க்குக்குள் துரு இல்லை என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு ஸ்டார்ட் பண்ணிட்டு வராங்க?"

"நான்தாங்க. பெட்ரோல் முழுசா ரொப்பி வெச்சிடுவேன்."

"அதான். பாதி டேங்க்ல நின்னிருந்தா போயிருக்கும்."

கடைசியாகப் பின்பக்கம் போனார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டை மடித்து விரித்தார். ரப்பரைத் தடவினார். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருக்குமே, மயிர் மாதிரி மெல்லிய ரப்பர் நூல், அது அப்படியே இருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாருங்க! பின்னாடி ஒருத்தர்கூட உக்காந்ததில்லை. இந்த மாதிரி நான் பாத்ததே இல்லைங்க. இதுக்கே தனி விலை குடுக்கலாம்."

கல்யாணமான புதிதில் ஒருமுறை என் கணவரிடம் பின்னால் ஏற்றிப் போகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சீட் உசரம், சேலை செயினில் மாட்டிக்கொள்ளும் என்றார். சுடிதார் போட்டுக்கொண்டு கேட்டேன். ரெண்டு பேர் ஏறினால் பின் ஷாக் அப்சார்பர் போய்விடும் என்றார். சினிமாவுக்குப் போனால் நான் பஸ்ஸில் போவேன், அவர் தியேட்டர் வாசலில் வண்டியோடு நிற்பார். அதை நான் ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே அது குறையாகத் தெரிந்திருக்கவில்லை. அந்த மனிதர் டார்ச் அடித்துக் காட்டும் வரை.

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப அருமையா வெச்சிருந்திருக்காரு," என்றார் அவர்.

"ஆமாங்க," என்றேன். வாசல் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தண்ணீர் நிரப்பினேன்.

அவர் சொன்ன விலை புரோக்கர் சொன்னதைப் போல மூன்று மடங்கு. நான் பேரம் பேசவில்லை. கணவர் கையெழுத்துப் போட்ட ஃபாரங்கள் தபாலில் வந்து சேர்ந்ததும், அடுத்த வாரம் பாங்க் ஆபீசர் ஒரு வேன் எடுத்துக்கொண்டு வந்தார். கம்பளி போர்த்தி, கயிறு போட்டு, குழந்தையைப் படுக்க வைப்பது போல ஏற்றினார்கள். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இனிமே புகை தொல்லை வுட்டுச்சு," என்றவர், என் முகத்தைப் பார்த்து, "மத்தியானம் மேல வா, சாப்புடலாம்" என்றார். போனேன். நான்கு வருஷத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

முன்னறையைக் கழுவிவிட்டேன். எண்ணெய்க் கறை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் கால் தானாக அந்த அறைக்குப் போய் நிற்கும். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வருஷம்தான் ஞாயிற்றுக்கிழமையும் லாட்ஜுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஃபாரம் அனுப்பச் சொல்லிப் போனில் விலையைச் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. வண்டி போன பிறகு, "வாங்கினவன் நல்லா பாத்துக்குவானா?" என்று கேட்டார். பார்த்துக்கொள்வார் என்றேன். வெள்ளிக்கிழமை போன் பிறகு மாதத்துக்கு ஒன்றானது. கேட்பதற்கு அவருக்கு விஷயம் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஒருமுறை பதினைந்து நாள் லீவில் வந்தார். வீட்டில் விருந்தாளி போலக் கூச்சத்தோடு நடந்தார். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இருவருக்கும் அதற்கான பழக்கம் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, இருவரும் சம்மதித்தே பிரிந்தோம். கோர்ட்டு வேலை முடிந்து வெளியே வந்து புங்கமரத்தடியில் நின்றோம். அவர் தலையில் நரை கூடியிருந்தது. கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"அந்த வண்டி இப்ப இருந்தா இன்னா விலை போவும் தெரியுமா? அங்க ஒருத்தன் சொன்னான். கேட்டா மயக்கமே வருது. அவசரப்பட்டுட்டோம்."

"ஆமா," என்றேன்.

ஓர் ஆட்டோ வந்தது. அவர் ஏறிக்கொண்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் அதே வழிதான். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வரவில்லை என்று தலையசைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன்.