தெருவைச் சிரிக்க வைத்த என் ஜோக்

என்னைவிடப் பெரிய முட்டாள் பெங்களூரு ஈஜிபுராவில் இருந்தால் கூட்டி வாருங்கள், மாலை போடுகிறேன். என் மகள் கயல் இரண்டு வயதாகியும் பேசவில்லை.

"கூப்பிட்டா திரும்பறதே இல்லைங்க, டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றாள் மனைவி.

"நாம தமிழு, ஓனரம்மா கன்னடம், மாடியில உருது. எந்தப் பாஷையில ஆரம்பிக்கலாம்னு யோசிக்கிறாடி!" என்றேன். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே ஒன்றரை வருடம் அதையே சொல்லித் திரிந்தேன்.

கடைசியில் மனைவியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறந்ததிலிருந்தே காது கேட்கவில்லையாம். ஆபரேஷன் செய்து, காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியைப் பொருத்தினார்கள்.

"ரெண்டு வயசுலயே வந்திருந்தா பேச்சு சுலபமா வந்திருக்கும்" என்றார் டாக்டர்.

இப்போது கயலுக்கு ஐந்து வயது. தினமும் பயிற்சி கொடுத்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தடுமாறுகிறாள். சரளமாகப் பேசிய ஒரே ஆள் நான்தான்.

இப்போதெல்லாம் பேச்சு வராத குழந்தையைப் பார்த்தால் நான் ஜோக் அடிப்பதில்லை. முதலில் காதைச் சோதிக்கச் சொல்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுக் குமாரிடமும் சொன்னேன். அவன் பையனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சில்லை. குமார் சிரித்தான்.

"எந்தப் பாஷைன்னு யோசிக்கிறான்ணா, நீங்க சொன்னதுதானே!"